ரீச்சர் பதில்கள்: வந்து பார்த்துவிட்டுப் போனவர் அல்ல, குடியிருந்தவர்

நத்தாரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நத்தார் முடிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்கின்றன. அதனால் இந்த இதழின் பக்கத்தை அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்கள் பலர், ஆகவே எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி: ரீச்சர், எங்கள் பங்கில் ஒவ்வொரு நத்தாருக்கும் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குப் பொதி கொடுப்போம். அரிசி, சீனி, பால்மா, பிள்ளைகளுக்கு ஒரு உடுப்பு. போன முறை நான் கொண்டுபோன வீட்டில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை, "நீங்கள் போன நத்தாருக்கும் வந்தனீங்கள்தானே" என்று கேட்டது. சாதாரணமாகத்தான் கேட்டது. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்த வீடு என் வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர்கூட இல்லை, இடையில் ஒரு வருசம் முழுக்க நான் அந்தப் படலையைத் திறக்கவில்லை. நத்தாரை வருசம் முழுக்க வாழ வேண்டும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எப்படி என்று நீங்களாவது சொல்லுங்கள்.

தங்கச்சி, அந்தப் பிள்ளை உங்களை ஒரு வருசமாக நினைவில் வைத்திருந்தது. முதலில் அதை யோசியுங்கள். நீங்கள் கொடுத்த உடுப்பு அதற்குள் அளவில்லாமல் போயிருக்கும், உங்கள் முகம் மட்டும் அங்கே தங்கிவிட்டது.

தங்கிவிட்டது என்று எழுதும்போது எனக்கு யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம்தான் ஞாபகம் வருகிறது. அங்கே மாட்டுக்கொட்டில் இல்லை, இடையர் இல்லை, நட்சத்திரமும் இல்லை. நத்தார் முழுவதையும் யோவான் ஒரே வரியில் முடிக்கிறார்: "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்." பழைய மொழிபெயர்ப்பில் "வாசம்பண்ணினார்" என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்குக் கூடாரம் அடித்துத் தங்கினார் என்று பொருள். உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் வன்னிச் சனத்துக்கு இது புரிய வேண்டும், ஏனென்றால் தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில், சிலர் வருசக்கணக்கில் குடியிருந்தவர்கள் நாங்கள்.

2008 நத்தாருக்கு நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரத்துப் பக்கம் இருந்தோம். மழை. நிலமெல்லாம் சேறு. எங்களுக்குப் பக்கத்துத் தறப்பாளில் இருந்தது ஒரு சைவக் குடும்பம், அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், மாமியாரும் கூட. நத்தாருக்கு முதல் நாள் இரவு, கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவளுடைய புருசனும் வந்து எங்களுக்கு முன்னால் நின்றார்கள். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். குழந்தைக்கு இருபது நாள்கூட இருக்காது, ஒரு பழைய சாரத்துக்குள் சுற்றியிருந்தது. நான் இன்னும் யோசித்துக்கொண்டு நின்றேன், அதற்குள் அந்த அக்கா தன்னுடைய பானை சட்டி எல்லாவற்றையும் தூக்கி மழைக்குள் வெளியே வைத்துவிட்டா. அப்புறம் தறப்பாளின் ஓரத்தை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "உள்ளுக்கு வாங்கோ, கொஞ்சம் நெருங்கி இருப்பம்" என்றா. அவ்வளவுதான். அவர்கள் அங்கேயே மூன்று கிழமை இருந்தார்கள். அந்த அக்காவுக்கு லூக்கா நற்செய்தியில் யேசுவின் பிறப்பைப் பற்றி எழுதியது எதுவும் தெரியாது. "விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை" என்று வருசாவருசம் பூசையில் கேட்டு வளர்ந்தவள் நான், இடம் கொடுத்தவ அவ. இப்போதும் குடில் கட்டும்போது என் கண்ணில் தெரிவது மழையில் நனைந்துகொண்டிருந்த அந்தப் பானைகள்தான்.

இனி நீங்கள் கேட்ட "எப்படி"க்கு வருகிறேன். பாலன் பிறந்ததற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். யேசு போதிக்கத் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு முந்திய காலத்தில் பெரும்பகுதி நாசரேத் என்ற ஒரு சின்ன ஊரில் போனது. அந்த வருசங்களில் அவர் அங்கே புதுமை செய்ததாக நற்செய்திகளில் ஒரு வரியும் இல்லை. தச்சுவேலை, தண்ணீர் அள்ளுவது, ஓய்வுநாளில் செபக்கூடம், அயலவர் வீட்டுச் செத்தவீடு, கலியாணவீடு, அப்படித்தான் போயிருக்கும். நத்தாரின் மிச்சம் என்பது என்னைப் பொறுத்தவரை அந்த முப்பது வருசம். ஒரே ஊர், ஒரே சனம், பக்கத்தில் இருப்பது.

ஆகவே வருசம் முழுக்க எல்லோருக்கும் எல்லாம் செய்யப் போகாதீர்கள். அந்த ஒரு வீட்டை எடுங்கள். தை மாதம் வெறுங்கையோடு போங்கள். வெறுங்கை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பொதியோடு போனால் வாசலிலேயே காரியம் முடிந்துவிடும், வெறுங்கையோடு போனால்தான் இருந்து கதைக்க வேண்டி வரும். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லாதீர்கள், சீனி குறைவாக இருந்தாலும் குடியுங்கள். கொடுக்க ஒன்றுமில்லாதவர்கள் என்று நாங்கள் நினைக்கிறவர்களிடம் இருந்து வாங்குவதும் நத்தார்தான். மாட்டுத் தொட்டிலையே வாங்கிக்கொண்டவர் அவர்.

அப்புறம் போகப்போக என்ன தேவை என்று தானாகத் தெரியவரும், அது அரிசியாக இருக்காது. பாடசாலை தொடங்கும் வாரத்தில் பிள்ளைக்குச் சப்பாத்து. அரசின் அஸ்வெசும உதவிப்பணப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் அந்தத் தாய் யாரிடமோ காசு கொடுத்து நிரப்பியிருப்பா, அதை நீங்கள் அரை மணித்தியாலத்தில் செய்துகொடுக்கலாம். கிளினிக் நாளில் காலையில் ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டும், சின்னப்பிள்ளையை யாரிடம் விடுவது? ஆடி, ஆவணியில் கிணறு வற்றும்போது உங்கள் கிணற்றில் அள்ள வரச்சொல்லலாம். இதில் ஒன்றுக்கும் பெரிய காசு போகாது, நேரம்தான் போகும். அதனால்தான் நாங்கள் பொதியோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன்.

ஃபிரெடெரிக் ஓசானம் என்ற மாணவர் 1833இல் பாரிஸில் தன் கூட்டாளிகளோடு புனித வின்சென்ட் டி போல் சபையைத் தொடங்கும்போது அவருக்கு இருபது வயது. அந்தச் சபையின் முதல் வேலையே ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போய் இருந்து கதைப்பது. இன்றைக்கும் அதன் அடிப்படை வேலை அதுதான். உங்கள் பங்கில் அந்தச் சபை இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அயல் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற குழுவில், இருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேராய்ப் போவது நல்லது. பொதியை நிறுத்தவும் வேண்டாம், மார்கழிக் கடைசியில் அந்தச் சீனியும் மாவும் வேண்டியதுதான். ஆனால் கொடுக்கும்போது படம் எடுக்க விடாதீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் அந்தப் படத்தைப் பார்க்கும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தகப்பன்: மூன்று பிள்ளைகள். கூலிவேலை. போன நத்தாருக்கு உடுப்புக்கும் கேக்குக்கும் மனைவி குழுக் கடன் எடுத்தா, கிழமைக் கட்டுக்காசு கட்டி முடிய ஆவணி ஆகிவிட்டது. இந்த முறையும் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒன்றும் வாங்காமல் விட்டால் நத்தாராகவே இருக்காதே?

ஐயா, உங்கள் வீட்டில் நத்தார் ஆவணி வரைக்கும் நீண்டது கிழமைக்கு ஒருநாள் படலையில் வந்து நிற்கிற கடன்காரர் உருவத்தில். இதை வாசித்தபோது நெஞ்சு கனத்தது. வன்னியில் நுண்கடன் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள், இது வேதாகமத்தில் உள்ளது. பாலன் பிறந்து நாற்பதாம் நாள் சூசையும் மரியாவும் அவரைக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். சட்டப்படி காணிக்கை ஓர் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு புறாவைக் கொடுக்கலாம் என்று லேவியர் நூலில் எழுதியிருக்கிறது. அவர்கள் கொடுத்தது புறாக் காணிக்கைதான் என்று லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் பார்க்கலாம். ஆட்டுக்குட்டி வாங்க முடியாத வீட்டில்தான் கடவுள் பிள்ளையாக வளர்ந்தார். சூசை அதற்காகக் கடன்பட்டதாக எழுதவில்லை.

ஒன்றுமே வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகள் பிள்ளைகள்தானே. காலபோக நெல் அறுவடை முடிந்து தை, மாசியில் கையில் கொஞ்சம் காசு புழங்கும்போது அன்பியத்தில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு நத்தார்ச் சீட்டுத் தொடங்குங்கள். மாதம் சிறு தொகை, வட்டி இல்லை, கழிவு இல்லை, கார்த்திகைக் கடைசியில் எல்லோருக்கும் அவரவர் காசு திரும்ப வர வேண்டும். கணக்கை ஒரு கொப்பியில் எல்லோர் முன்னாலும் எழுதுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் மற்ற ஒன்பதும் தாங்கட்டும். அப்படித் தாங்குகிற மாதத்தில் உங்களுக்கு நத்தார் வந்துவிட்டது என்றே நான் சொல்வேன், அது சித்திரையாக இருந்தாலும்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு சைவ வாசகி: பக்கத்து வீட்டு அக்கா நத்தாருக்குப் பலகாரத் தட்டு அனுப்புவா, நாங்கள் தைப்பொங்கலுக்குப் பொங்கல் அனுப்புவோம். அவர்களின் நட்சத்திரக் கூட்டில் "இம்மானுவேல்" என்று எழுதியிருக்கும். அதன் அர்த்தம் என்ன?

"கடவுள் நம்மோடு" என்று அர்த்தம், எபிரேயச் சொல். எசாயா இறைவாக்கினர் சொன்னது, மத்தேயு அதைத் தன் நூலின் முதல் அதிகாரத்தில் யேசுவின் பிறப்புக்குச் சொல்கிறார். அதே நூல் முடிவதும் "எந்நாளும் உங்களோடு இருக்கிறேன்" என்ற பொருளில்தான். "எந்நாளும்" என்பதைக் கவனியுங்கள், அதில் மார்கழி 25 ஒரு நாள் மட்டுமே.

உங்கள் வேலிக்கு மேலால் வருகிற பயற்றம் பணியாரத் தட்டும், திரும்பிப் போகிற பொங்கலும் எவ்வளவு பெரிய விசயம் என்று வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். மடு மாதா கோயிலுக்குப் போனால் மாதாவுக்கு முன்னால் சைவச் சனமும் நேர்த்தி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். எங்களுக்குள் அது புதிதல்ல. தட்டு எப்போதும் வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது என்று என் அம்மா சொல்லுவா, நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்: என்னுடைய மகனை 2009 வைகாசியில் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு தகவல் இல்லை. எனக்கு நத்தாரும் ஒன்றுதான், மற்ற நாளும் ஒன்றுதான். கோயிலில் எல்லோரும் சந்தோசமாக இருக்கும்போது எனக்கு எழும்பி வெளியே போகவேண்டும் போல இருக்கும். அழக்கூடாது, பாலன் பிறந்த நாள் என்கிறார்கள். நான் செய்வது பாவமா?

இல்லை அம்மா. பாவம் இல்லை.

அழக்கூடாது என்று சொல்கிறவர்கள் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை முழுக்க வாசிக்க வேண்டும். ஞானிகள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நாங்கள் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அடுத்ததாக சூசையும் மரியாவும் இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார்கள். சூசையும் மரியாவும் இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார்கள். அந்த இடத்தில் மத்தேயு எரேமியாவின் பழைய சொல்லை எடுத்து எழுதுகிறார்: இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனென்றால் பிள்ளைகள் இல்லை. அந்தத் தாய்க்கு மத்தேயு ஆறுதல் சொல்லப் போகவில்லை. அவளுடைய அழுகையை நத்தார்க் கதைக்குள் அப்படியே விட்டிருக்கிறார், யாரும் வெட்டி எடுக்க முடியாதபடி. திருச்சபையும் நத்தாருக்கு மூன்றாம் நாள், 28ஆம் திகதி, அந்தக் குழந்தைகளுக்குத் திருநாள் வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் அழுவது நத்தாருக்கு வெளியே இல்லை. எழும்பிப் போகாதீர்கள், அங்கேயே இருந்து அழுங்கள், அது உங்களுக்கும் உரிய இடம்.

இனி மற்ற வாசகர்களோடு கதைக்கிறேன். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 மாசி 20ஆம் திகதி போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனை நத்தார் வந்து போய்விட்டது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து, பதில் கிடைக்காமலே கண்மூடின தாய்மார் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு தாய் இருப்பா. "மறந்துவிடுங்கோ" என்று சொல்லாதீர்கள், "எல்லாம் கடவுளின் சித்தம்" என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, என்ன சாப்பாடு பிடிக்கும், எப்படிச் சிரிப்பான் என்று கேளுங்கள். அவன் பிறந்த நாள் எப்போது என்று கேட்டுக் கலண்டரில் குறித்துவையுங்கள், அன்றைக்குப் போய் அவவோடு இருங்கள். இதை நான் ஒரு தாயோடு சில வருசமாகச் செய்கிறேன். போனால் அவ அவனுக்குப் பிடித்த உழுந்து வடை சுட்டு வைத்திருப்பா. இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. வடை சாப்பிடுவோம்.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்: அண்ணனும் நானும் எல்லை வேலியால் கோபித்து ஏழு வருசம். ஒரே கோயில், ஒரே பூசை. சமாதானம் சொல்லும் நேரம் நான் மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன்.

தம்பி, மீள்குடியேறி வந்தபோது எல்லைக்கல்லும் இல்லை, கதியால் வேலியும் இல்லை, பலருக்குக் காணி அனுமதிப்பத்திரமும் இல்லை. ஆகவே நீங்கள் இரண்டு பேரும் பொய் சொல்லாமலே சண்டைபிடித்திருக்கலாம், ஒவ்வொருவருக்கும் ஞாபகத்தில் இருக்கிற எல்லை வேறு. காணிப் பிரச்சினையை நில அளவையாளரிடமும் மத்தியஸ்த சபையிடமும் விடுங்கள். அதற்கு அவர்கள் இருக்கிறார்கள், காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

அண்ணனோடு கதைக்க அது முடியும்வரை காத்திருக்காதீர்கள். காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று யேசு சொன்னது நிபந்தனை இல்லாமல்தான். சமாதானம் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவும் தேவையில்லை. அறுவடைக்கு மிசின் எப்போது வருகிறது என்று கேளுங்கள். அது போதும், முதல் நாளுக்கு.

வவுனியாவிலிருந்து ஒரு மாணவி: குடிலை எப்போது கழற்ற வேண்டும்?

கத்தோலிக்க வழிபாட்டில் நத்தார்க் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடிகிறது, அது தை மாதத்தில் வரும். மாசி 2ஆம் திகதி, பாலனைக் கோவிலில் ஒப்புக்கொடுத்த விழா வரைக்கும் வைக்கிறவர்களும் உண்டு. இரண்டும் சரி. 1223இல் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது அதில் சுரூபங்களே இல்லை, வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான், ஊர்ச்சனம் பந்தங்களோடு வந்து சுற்றி நின்றது. குடிலைக் கழற்றும்போது வைக்கோலை எரிக்காமல் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு இளைஞர்: எங்கள் வீட்டில் நத்தார் 25ஆம் திகதி இரவோடு முடிந்துவிடும். அடுத்த நாள் சுனாமி நினைவு நாள், அம்மம்மா ஒருவரோடும் கதைக்க மாட்டா. முன்னைய வீட்டையும் அதில் இருந்தவர்களையும் கடல் கொண்டுபோனது. எனக்கு அப்போது இரண்டு வயது. அன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

2004 மார்கழி 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். முதல் நாள் உடுத்த புது உடுப்போடே இருந்த பிள்ளைகள் எத்தனை பேர். உங்கள் ஊருக்கு அந்த இரண்டு நாளும் ஒட்டித்தான் வரும், பிரித்துவைக்க முடியாது, பிரித்துவைக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மம்மா கதைக்க வேண்டாம் என்றால் விடுங்கள். காலையில் அவவோடு நினைவிடத்துக்குப் போங்கள், குடை கொண்டு போங்கள், மார்கழியில் கட்டாயம் தூறும். திரும்பி வந்த பிறகு, அவவுக்கு மனம் இருந்தால், இல்லாமல் போன ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு வருசத்தில் ஒரு பெயர் மட்டும் சொன்னாலும் பரவாயில்லை. உங்களுக்கு அப்போது இரண்டு வயது என்றால் அவர்களில் யாரோ ஒருவர் உங்களைத் தூக்கி வைத்திருந்திருப்பார். யார் என்று அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.